முதலில் ரிக்சிடிஎல், பிறகு மற்றவை

அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் ஹாம் ரேடியோவைக் கணினியோடு இணைக்க வழி கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர், கணினி வழியாகக் குறுஞ்செய்திகளை ரேடியோவில் அனுப்பி வாங்கும் எஃப்டி8 முறையில் இயங்க வேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. மதுரையைச் சுற்றி நெருக்கமாக எழுந்துவிட்ட மாடி வீடுகளில் டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவை ஒழுங்காகக் கட்டுவதற்கே இடம் போதாதவர்களுக்கு, சில வாட் சக்தியில், காதுக்கே எட்டாத அளவு இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் குறிகையையும் பிரித்தெடுத்துத் தரும் அந்த முறை ஒரு வரம். ஆனால் அவர்கள் நேராக, எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை நிறுவுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் ரேடியோவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, சோதனைப் பொத்தானை அழுத்துகிறார்கள். அது பச்சையாக மாறாவிட்டால் பாட் ரேட் (தரவு போகும் வேகம்), போர்ட், கேபிள், டிரைவர் என்று ஒவ்வொன்றையும் குருட்டாம்போக்கில் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அழகான சாளரங்கள் கொண்ட எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்னால், ரிக்சிடிஎல் என்ற சிறு கட்டளைக் கருவியைக் கருப்புத் திரையில் திறந்து, ரேடியோவிடம் நேரடியாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் காரணங்களை எழுதத்தான் இந்தப் பதிவு.

ரிக்சிடிஎல் தனி மென்பொருள் அன்று. ஹாம்லிப் என்ற திறமூல நிரல்தொகுப்போடு சேர்ந்து வருவது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹாம்லிப், எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்படுகிறது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், பலவகை டிஜிட்டல் முறைகளுக்கான எஃப்எல்டிஜி, செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் ஜிபிரெடிக்ட், பதிவேடு பராமரிக்கும் சிக்யூஆர்லாக் என்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் பலவும் ரேடியோவைத் தொடுவதற்கு இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே மேலே எந்தச் சாளரம் திறந்திருந்தாலும், பெரும்பாலும் அடியில் நடப்பது ஹாம்லிப்புக்கும் ரேடியோவுக்கும் இடையிலான உரையாடல்தான்; ரிக்சிடிஎல் அந்த உரையாடலின் மேல் போர்த்தியிருக்கும் துணியை விலக்கிக் காட்டுகிறது.

அந்த உரையாடலைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். 20 மீட்டர் பேண்டில் எஃப்டி8 நிலையங்கள் கூடும் 14.074 மெகாஹெர்ட்ஸுக்கு ரேடியோவை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கென்வுட் ரேடியோவாக இருந்தால், எஃப்ஏ என்ற இரண்டு எழுத்துகளை அடுத்து அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் கணக்கில் 11 இலக்கங்களாக, அதாவது 00014074000 என்று எழுதி, இறுதியில் ஓர் அரைப்புள்ளி வைத்தால் போதும்; மனிதக் கண்ணாலேயே படித்துவிடலாம். யேசு (Yaesu) நிறுவனத்தின் பழைய எஃப்டி-817 போன்றவை இப்படிப் பேசுவதில்லை. அவற்றுக்கு எப்போதும் ஐந்தே பைட்டுகள்: முதல் நான்கும் தரவு, ஐந்தாவது கட்டளை. இதே அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் கணக்கில் 01 40 74 00 என்று போய், 'அதிர்வெண்ணை மாற்று' என்பதற்கான 01 கடைசியில் வந்து சேரும். ஐகாம் நிறுவனத்தின் சிஐ-வி முறை இன்னொரு வகை. ஐசி-7300 ரேடியோவுக்குப் போகும் செய்தி, பதினாறடிமான எண்களில், எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 40 07 14 00 எஃப்டி என்று இருக்கும். முதல் இரண்டு பைட்டுகள் செய்தி தொடங்குவதை அறிவிக்கின்றன. 94 என்பது ரேடியோவின் முகவரி, இ0 என்பது கணினியின் முகவரி, 05 என்பது கட்டளை. அதிர்வெண்ணின் இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டுக் கடைசியிலிருந்து முன்னோக்கி அடுக்கப்படுவதால், 14 என்ற மெகாஹெர்ட்ஸ் பகுதி பின்னால் போய் நிற்கிறது. ரேடியோ ஏற்றுக்கொண்டால் எஃப்பி என்றும், மறுத்தால் எஃப்ஏ என்றும் பதில் வரும்.

இந்த மூன்று வழக்குகளையும் பயனாளர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுமையைத்தான் ஹாம்லிப் ஏற்றுக்கொள்கிறது. ரிக்சிடிஎல் திரையில் சிறிய எஃப் எழுத்தைத் தட்டினால் இப்போதைய அதிர்வெண்ணை எந்த நிறுவனத்தின் ரேடியோவானாலும் சொல்லும். பெரிய எஃப் எழுத்தோடு ஓர் எண்ணைக் கொடுத்தால் அங்கே நகரும். சிறிய எம், பெரிய எம் இரண்டும் மோடுக்கு (பண்பேற்ற முறைக்கு). சிறிய டி, பெரிய டி இரண்டும் டிரான்ஸ்மிட் நிலைக்கு. சிறிய எழுத்து கேட்கும், பெரிய எழுத்து மாற்றும் என்ற ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கட்டளையைத் தொடங்கும்போது சிறிய வி எழுத்தை ஐந்து முறை சேர்த்துக்கொடுத்தால், மேலே சொன்ன பைட்டுகள் போவதும் வருவதும் வரிவரியாகத் திரையில் ஓடும். கோளாறு கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவர், வியூ3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஹாம் உரிமம் புதிதாகக் கையில் வந்த உற்சாகத்தோடு, பழைய ஐசி-718 ஒன்றை வாங்கி, இணையத்தில் கிடைத்த ஒரு மலிவான சிஐ-வி கேபிளைச் செருகிவிட்டு, "சார், கேபிளே டூப்ளிகேட்டு போல, ரேடியோ அசையவே மாட்டேங்குது" என்று தொலைபேசியில் அழைத்தார். கேபிளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ரிக்சிடிஎல்லை அந்த ஐந்து வி எழுத்துகளோடு ஓட்டச் சொன்னேன். சிஐ-வி என்பது 3.5 மி.மீ. மோனோ பிளக் வழியாகப் போகும் ஒற்றைக் கம்பி. கணினி பேசுவதும் ரேடியோ பேசுவதும் அதே கம்பியில்தான். அதனால் கணினி அனுப்பிய பைட்டுகள் அப்படியே அதன் காதுக்கும் திரும்பி வரும். அவர் திரையில் தாம் அனுப்பியது திரும்பி வந்துகொண்டிருந்தது, ஆனால் ரேடியோவின் பதில் மட்டும் இல்லை. இதிலிருந்தே கேபிளின் சிப், டிரைவர், போர்ட் ஆகியவற்றின் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிடுகிறது. வேகம் பொருந்தாவிட்டாலும் இந்த எதிரொலி சரியாகவே வரும், ஏனென்றால் பேசுவதும் கேட்பதும் கணினியின் அதே வேகத்தில் நடக்கிறது. எஞ்சியிருப்பவை ரேடியோவின் முகவரி, பாட் ரேட், ரேடியோவுக்குள் போகும் அந்தப் பிளக் ஆகிய மூன்றே. பழைய உரிமையாளர் மெனுவில் முகவரியை மாற்றி வைத்திருந்தார் என்பது சிறிது நேரத்தில் தெரிந்தது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் பிழைச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இன்னொரு கேபிளுக்குப் பணம் கட்டியிருப்பார்.

போலி சிப் வைத்த கேபிள்கள் சந்தையில் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட சிலவற்றை விண்டோஸில் உற்பத்தியாளரின் புதிய டிரைவர் ஏற்க மறுத்துவிடும். அதே கேபிள் லினக்ஸில் சத்தமில்லாமல் வேலை செய்யும். லினக்ஸில் வேறொரு தடை இருக்கிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை டயல்அவுட் என்ற குழுவில் இருப்பவர்களுக்கே உண்டு. பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமையோடு மென்பொருளை ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல பழக்கம் அன்று.

மாடல் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஹாம்லிப் ஓர் எண் வைத்திருக்கிறது. 4.0 பதிப்பில் இந்த எண் முறையே மாற்றப்பட்டுவிட்டது. ஐசி-7300 முன்பு 373, இப்போது 3073. எஃப்டி-817 முன்பு 120, இப்போது 1020. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் மூன்று இலக்க எண்ணைப் பார்த்து அப்படியே தட்டுபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ரிக்சிடிஎல்லைத் தொடங்கும்போது சிறிய எல் எழுத்தைக் கொடுத்தால் முழுப் பட்டியலும், ஒவ்வொன்றின் ஆதரவு எந்த அளவுக்கு முதிர்ந்தது என்ற குறிப்பும் வந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது, பலரை அச்சுறுத்தும் ஒரு நிகழ்வு: மென்பொருளைத் திறந்த உடனே ரேடியோ தானாகவே டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடுவது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் லினக்ஸ் உயர்த்திவிடுகிறது. அந்தக் கம்பிகளில் ஒன்றை பிடிடியாக, அதாவது டிரான்ஸ்மிட்டைத் தொடங்கும் சுவிட்சாகக் கொள்ளும்படி ரேடியோவின் மெனுவில் அமைத்திருந்தால், போர்ட் திறந்த கணமே அது டிரான்ஸ்மிட் செய்யத்தானே வேண்டும்? ஹாம்லிப்பில் அவ்விரண்டையும் தாழ்த்தி வைக்க அமைப்புகள் உண்டு. ஆனால் பிடிடியைக் கம்பிகளிடம் ஒப்படைக்காமல் கட்டளை வழியாகவே அனுப்புவது, புதிய ரேடியோக்களில் இன்னும் தூய்மையான வழி. ரேடியோவின் மெனுவில் டைம்-அவுட் டைமர் இருந்தால் அதை 3 நிமிடத்தில் வைத்துவிடுவது என் வழக்கம். கணினி உறைந்துபோனாலும் இறுதி நிலை டிரான்சிஸ்டர்கள் வெந்துபோகாது.

இனி ரிக்சிடிஎல்லின் உடன்பிறப்பான ரிக்சிடிஎல்டி. ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் வைத்திருக்க முடியும் என்பதால், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஓடும்போது பதிவேட்டு மென்பொருளால் ரேடியோவின் அதிர்வெண்ணைப் படிக்க முடியாது. தெருக்குழாய் ஒன்றாக இருந்து குடங்கள் பலவாக இருக்கும்போது, வரிசையை ஒழுங்குபடுத்த ஓர் ஆள் நிற்க வேண்டியதுபோல, இந்தச் சேவை நிரல் போர்ட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, 4532 என்ற வலையமைப்புத் துறையில் (நெட்வொர்க் போர்ட்டில்) கோரிக்கைகளை வாங்கி ஒவ்வொன்றாக ரேடியோவுக்கு அனுப்புகிறது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ரேடியோவின் பெயருக்குப் பதிலாக 'ஹாம்லிப் நெட் ரிக்சிடிஎல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது கேபிளைத் தேடாமல் இந்தத் துறையில் வந்து நிற்கும்.

நத்தம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் இது வசதி என்பதைத் தாண்டி ஒரு தேவையாகவே ஆகிவிட்டது. 40 மீட்டர் டைபோலின் கேபிள் இறங்கும் இடம் மொட்டை மாடியில் இருக்கும் சிறு அறை. சித்திரை, வைகாசியில் பகல் நேரத்தில் அந்த அறைக்குள் மனிதன் உட்கார முடியாது. ரேடியோவும் ராஸ்ப்பெரி பை என்ற ஒரு சிறு கணினியும் மேலே இருக்கின்றன. நான் கீழ் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வீட்டு வலையமைப்பு வழியாக அதே ரேடியோவை இயக்குகிறேன். கட்டுப்பாட்டுக்கு ரிக்சிடிஎல்டி போதும். ஒலிக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும் என்பதால், எஃப்டி8 நிரலையே மேலே உள்ள அந்தச் சிறு கணினியில் ஓட்டி அதன் திரையைக் கீழே வரவழைத்துக்கொள்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ரிக்சிடிஎல்டி இயல்பாக எல்லா வலையமைப்பு இடைமுகங்களிலும் காது கொடுக்கும், வருபவர் யாரென்றும் விசாரிக்காது. ரவுட்டரில் 4532 துறையை வெளியுலகுக்குத் திறந்துவிட்டால், எங்கோ இருக்கும் ஒருவர் உங்கள் அழைப்புக்குறியின் பெயரில் உங்கள் ரேடியோவை டிரான்ஸ்மிட் செய்ய வைக்க முடியும். வெளியூரிலிருந்து இயக்க விரும்புவோர் எஸ்எஸ்எச் சுரங்கம், வயர்கார்டு போன்ற மறைகுறியாக்கிய பாதை ஒன்றை அமைத்து அதற்குள்ளே மட்டும் இதை ஓடவிட வேண்டும்.

எஃப்டி8-க்குக் கணினிக் கட்டுப்பாடு எதற்கு, டயலைக் கையால் 14.074-இல் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-இல் வெளியிட்ட இந்த முறையில், 15 விநாடிக்கு ஒரு சுற்றாக, ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒலியாகச் செய்தி போகிறது. நீங்கள் 500 ஹெர்ட்ஸ் ஒலியில் அனுப்பினால், ஒலிப் பாதையில் சிறிது அளவு மிகுந்தாலும் அதன் மடங்குகளான 1000, 1500, 2000 ஹெர்ட்ஸ்களும் ரேடியோவின் வடிகட்டிக்குள் அடங்கி, போலிக் குறிகைகளாக வெளியே போய்விடும். இதைத் தவிர்க்க, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் அனுப்பும் நேரத்தில் மட்டும் ரேடியோவின் அதிர்வெண்ணை 500 ஹெர்ட்ஸ் படிகளாக நகர்த்தி, ஒலியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொள்கிறது. மடங்குகள் 3000-க்கு மேலே போய் வடிகட்டியில் அடிபட்டுவிடும். பேண்டில் பக்கத்து நிலையங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கான இந்த நுட்பம் கட்டுப்பாட்டுக் கேபிள் இல்லாமல் நடக்காது.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் பயன்பட்டது, எந்த ரேடியோ உற்பத்தியாளரும் எனக்காக எழுதித் தராத ஒரு சிறு வேலை. சிறிய எல் எழுத்தோடு 'ஸ்ட்ரெங்த்' என்று கேட்டால், குறிகையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் அளவை, அதன் எஸ்9 என்ற புள்ளியைப் பூஜ்யமாகக் கொண்டு டெசிபெல்லில் ஹாம்லிப் சொல்லும். 40 மீட்டர் பேண்டில் நமக்குரிய 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை சிறு சிறு படிகளாக நகர்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவை வாங்கி ஒரு கோப்பில் எழுதும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதி, இரவு பகலாக ஓடவிட்டேன். எஸ்-மீட்டர் ஆய்வகக் கருவி அன்று, அதன் எண்களை அப்படியே நம்ப முடியாது; ஆனால் அதே ரேடியோ, அதே ஆன்டெனாவில் ஒரு மணி நேரத்தை இன்னொரு மணி நேரத்தோடு ஒப்பிட அது தாராளமாகப் போதும். விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் எல்இடி விளக்குகள் எரியத் தொடங்கியதும் இரைச்சல் தளம் படியேறுவது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்தான் இதில் மிகவும் பயனுள்ள நாள். பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்குத் தெரு முழுவதும் இறங்கிப்போன அமைதி கேட்கும். அந்த அமைதியிலும் ஒழுங்கான இடைவெளியில் பல்வரிசைபோல் நின்ற சில கூர்முனைகள் மட்டும் அப்படியே இருந்தன. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபோது, ரவுட்டரின் அடாப்டரைப் பிடுங்கியதும் அவை மறைந்தன. ரவுட்டருக்கு இப்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் போகிறது.

செயற்கைக்கோள் பக்கம் போக விரும்புவோருக்கும் இதே அடித்தளம்தான். இந்தியாவின் ஹாம்சாட் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014 வரை உலகெங்கும் ஹாம்களுக்கு உழைத்தது. அது போன்ற தாழ்ந்த சுற்றுப்பாதைக் கோள்கள் தலைக்கு மேல் கடக்கையில், 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறும் டாப்ளர் விலகல் இருபுறமும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஒரு கையில் ஆன்டெனாவையும் மறு கையில் டயலையும் திருப்பித் திருப்பி ஓய்ந்தவர்கள், ஜிபிரெடிக்ட் அந்த விலகலைக் கணக்கிட்டு ரிக்சிடிஎல்டி வழியாக ரேடியோவைத் தானே நகர்த்துவதைக் கண்டால் மகிழ்வார்கள்.

ரேடியோ இல்லாதவர்களும் இவற்றைப் பழகலாம் என்பதை மாணவர்களிடம் குறிப்பாகச் சொல்வேன். ஹாம்லிப்பில் மாடல் எண் 1 என்பது உண்மையில் இல்லாத ஒரு ரேடியோ. கேபிளும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். அதிர்வெண்ணை மாற்றலாம், மோடை மாற்றலாம், ரிக்சிடிஎல்டியை அதன்மேல் ஓட்டி உங்கள் சொந்த நிரலைச் சோதிக்கலாம். எச்எஃப் (சிற்றலை) ரேடியோ ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கி நிற்கும் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான தொடக்கம் கிடையாது.

வணிக மென்பொருள்களில் தோற்றப் பொலிவு கூடுதல், கையேடு கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹாம்லிப்பின் ஆவணங்கள் சில இடங்களில் வறண்டவை, சில இடங்களில் பழையவை. ஆனால் உற்பத்தியாளர் கைவிட்டுவிட்ட ஒரு ரேடியோ உங்களிடம் இருந்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. மூல நிரலின் 'ரிக்ஸ்' அடைவுக்குள் போனால் நிறுவனத்துக்கு ஒரு துணை அடைவும், அதற்குள் ரேடியோக்களுக்கான சி மொழிக் கோப்புகளும் இருக்கும். எந்த ரேடியோவுக்கு எந்தக் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று படித்தே தெரிந்துகொள்ளலாம். திருமங்கலத்து மாணவர் இப்போது தம் ரேடியோவின் பழைய கையேட்டில் இருக்கும் சிஐ-வி கட்டளை அட்டவணையை ஒரு பக்கத்திலும், ஐகாம் அடைவில் இருக்கும் கோப்பை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டு வருகிறார். கையேட்டில் இருந்து கோப்பில் இல்லாதவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அவற்றுள் எவற்றைத் தம் ரேடியோ உண்மையிலேயே ஏற்று எஃப்பி என்று பதில் சொல்கிறது என்பதை, ரிக்சிடிஎல்லில் சிறிய டபிள்யூ எழுத்தின் வழியாகப் பைட்டுகளை அப்படியே அனுப்பிச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.